எட்டு கஜத் துணியும் அப்பாவோட கோட்டும்

(பாட்காஸ்ட்டில் வெளியான பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்குப் பேசப்போறது கில்ட் பத்தி. ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டுற, கட்டம் போட்ட, முட்டி வரைக்கும் வர்ற அந்த உடுப்பு. பேரைச் சொன்னதும் ரெண்டு கேள்வி வரும்னு தெரியும். முதல் கேள்வி, "உள்ள என்ன போடுவாங்க?" அது அவங்கவங்க இஷ்டம். தைக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. ரெண்டாவது, "அது பாவாடைதானே?" இதை எங்க சித்தப்பா வாட்ஸப் குரூப்ல கேட்டார். அவருக்கு நான் அனுப்பின பதில்: "சித்தப்பா, நீங்க வீட்ல கட்டுற லுங்கிக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன்." அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் பேசல.

விஷயம் இதுதான். நான் கிளாஸ்கோல இருக்கேன், வேலை ஐடி. வாரக்கடைசியில தையல் மெஷின். அம்மா மதுரைல வீட்டுலயே பிளவுஸ் தைச்சவங்க, அதனால ஊசி, நூல், காஜா எல்லாம் எனக்குச் சின்ன வயசுலயே பழக்கம். தம்பி எடின்பரோல இருக்கான். அவன் கட்டிக்கப்போற பொண்ணு இந்த ஊர்க்காரப் பொண்ணு. ஸ்டர்லிங்ல கல்யாணம், அப்புறம் மதுரைல ஒண்ணு. மதுரைக்குப் பட்டு வேட்டி ரெடி. ஸ்டர்லிங்குக்கு கில்ட் கட்டணும்னு அவனே ஆசைப்பட்டான். கையால தைச்ச நல்ல கில்ட் வாங்கணும்னா பல நூறு பவுண்ட் ஆகும். கோட், ஸ்போரன், சாக்ஸ் எல்லாம் அதுக்கு மேல. வாடகைக்கும் கிடைக்கும், இங்க பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க. நான்தான் "துணி வாங்கிக் குடு, தைச்சுத் தர்றேன்"னு சொன்னேன். கோட்டுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சப்ப, அப்பா தன்னோட ரிசப்ஷன் கோட்டைக் குடுத்து அனுப்பினார். 1989-ல மதுரைல அளவெடுத்துத் தைச்சது. ஆக, ஒரு பக்கம் புதுத் துணி, இன்னொரு பக்கம் அப்பாவோட கோட். ரெண்டையும் ஒரே மேஜைல வச்சு வேலை பார்த்தப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. இந்த ரெண்டு உடுப்பும் துணியைப் பார்க்கிற விதமே நேர் எதிர்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு, சீக்கிரம் முடிச்சிடறேன். 16-ஆம் நூற்றாண்டோட கடைசியில இருந்து ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்ட்ஸ்ல ஆண்கள் கட்டினது பெரிய கில்ட். அதுல தையலே கிடையாது. நீளமான கம்பளித் துணியைத் தரையில விரிச்சு, மடிப்பு வச்சு, இடுப்புல பெல்ட்டால இறுக்கி, மிச்சத்தைத் தோள்ல போட்டுக்குவாங்க. ராத்திரி அதுவே போர்வை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல இடுப்புக்குக் கீழ இருக்கிற பாகம் மட்டும் தனி உடுப்பாச்சு. இதைக் கண்டுபிடிச்சவர் தாமஸ் ராலின்சன்ங்கிற ஆங்கிலேயர், தன்னோட இரும்பு உருக்காலைத் தொழிலாளிங்களுக்காக 1720-கள்ல கொண்டுவந்தார்னு ஒரு கதை இருக்கு. வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் அதை எடுத்து எழுதினதுல இன்னைக்கும் ஸ்காட்லாந்துல கோபப்படுறவங்க உண்டு. அதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு அவங்க வாதம். எனக்கு அந்தச் சண்டையில பெரிய ஆர்வம் இல்ல. இடுப்புல துணியைச் சுத்திக்கிறதை ஒருத்தர் கண்டுபிடிச்சார்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க.

ஆனா இது முக்கியம். 1746-ல, கிளர்ச்சியை அடக்கின கையோட, பிரிட்டிஷ் அரசு ஹைலாண்ட் உடையைச் சட்டம் போட்டுத் தடை பண்ணுச்சு. சாதாரண ஆள் கட்டக் கூடாது, ஆனா அரசாங்கப் படையில சேர்ந்தா கட்டலாம். 1782-ல தடை நீங்குச்சு. 1822-ல நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தப்ப அவரே கில்ட் கட்டிக்கிட்டு நின்னார். ஏற்பாடு பண்ணவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். ஒரு தலைமுறை தடை பண்ண உடுப்பு, அடுத்த தலைமுறையில ராஜ உடுப்பு. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம்ங்கிற பட்டியலும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுலதான் உறுதியாச்சு.

அதனால "எங்களுக்கு எந்தக் கட்டம்?"னு தம்பி கவலைப்பட்டதுக்கு அர்த்தம் இல்லாம இல்ல. டார்டன்னா வெறும் கட்டம் போட்ட துணி இல்ல. எத்தனை இழை பச்சை, எத்தனை இழை நீலம்னு வரிசை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு. 2009-ல இருந்து அரசாங்கப் பதிவேடே இருக்கு. ஆனா இன்னார்தான் கட்டணும்னு இப்ப எந்தச் சட்டமும் கிடையாது. ஊர்ப் பேர்ல டார்டன் இருக்கு, சிங் டார்டன்னு ஒண்ணுகூட இருக்கு. தம்பி எடுத்தது பிளாக் வாட்ச். கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. 1739-ல உருவான ஒரு ராணுவ ரெஜிமென்ட்டோட பேர் அது. குலம் இல்லாதவங்க எடுக்கிற பொதுவான துணி. பொண்ணு வீட்ல, எங்க குலத்து டார்டனைக் கட்டிக்கன்னு பிரியமாச் சொன்னாங்க. "கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணு தைச்சுக்கிறேன்"னு நாசூக்கா நழுவிட்டான். அந்த ரெண்டாவது கில்ட்டையும் நான்தான் தைக்கணும்னு அவனுக்கு நினைப்பு.

இப்ப துணி. நல்ல கில்ட்டுக்கு 8 கஜம். நம்ம மடிசாருக்கு 9 கஜம், அதை விட ஒரு கஜம்தான் கம்மி. கடைல வாங்குறப்ப நாலு கஜம்தான் வாங்குவோம், ஏன்னா தறியில இருந்து வர்ற துணி ரெண்டு மடங்கு அகலம். அதை நீளவாக்குல நடுவுல கிழிக்கணும். கத்தரிக்கிறது இல்ல, கிழிக்கிறது. நேரா இழையோட போகும். பக்கத்து ஃபிளாட்காரர் என்ன சத்தம்னு கதவைத் தட்டினார். இப்ப நாலு கஜத்துல ரெண்டு பட்டை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் தறியிலயே முடிஞ்ச கரை இருக்கும். அந்தக் கரைதான் கில்ட்டோட கீழ் ஓரம். அதாவது பெரியவங்க கில்ட்டுக்குக் கீழ மடிச்சுத் தைக்கிற வேலையே இல்ல. நம்ம வேட்டி, சேலை மாதிரியே, தறி முடிச்ச இடத்துலயே உடுப்பும் முடியுது. ரெண்டு பட்டையும் சேர்ற இணைப்பு ஒரு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிடும்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது பொண்ணோட பாட்டி. எண்பதைத் தாண்டினவங்க. கல்யாணமாகி, பிள்ளைங்க பிறந்த பிறகு, ஒரு கடைக்கு வீட்ல இருந்தே கில்ட் தைச்சுக் கொடுத்திருக்காங்க. பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. அந்தக் காலத்துல இங்க அதுதான் வழக்கம். கோட் தைக்கிறது ஆம்பளை டெய்லர் வேலை, கில்ட் தைக்கிறது பெரும்பாலும் பொம்பளைங்க வேலை. கடை பேர்தான் வெளிய தெரியும், தைச்சவங்க பேர் தெரியாது. எங்க அம்மா தைச்ச பிளவுஸ்களும் அப்படித்தான் ஒரு ஜவுளிக்கடை பேர்ல போச்சு. அம்மாவும் பாட்டியும் வீடியோ கால்ல பேசினாங்க. பாதி மொழி புரியல. ஆனா ரெண்டு பேரும் தங்களோட ஆள்காட்டி விரல் நுனியை கேமராகிட்ட கொண்டு வந்து காட்டிக்கிட்டாங்க, ஊசி குத்திக் காய்ச்சுப் போன இடத்தை.

இப்ப பிரிட்டன்ல கைவினைகளைக் காக்கிற ஹெரிட்டேஜ் கிராஃப்ட்ஸ்ங்கிற அமைப்பு, அழிஞ்சு போற ஆபத்துல இருக்கிற தொழில்கள்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. கையால கில்ட் தைக்கிறதும் அதுல இருக்கு. கில்ட் கட்டுறவங்க குறைஞ்சதால இல்ல. கல்யாணத்துக்கு, ரக்பி மேட்சுக்கு, பட்டமளிப்புக்குன்னு எங்க பார்த்தாலும் கட்டுறாங்க. ஆனா மெஷின்ல தைச்ச மலிவான கில்ட் டூரிஸ்ட் கடையெல்லாம் தொங்குது, கையால தைக்க வேண்டிய மணி நேரத்துக்கு நியாயமான கூலி குடுக்க ஆள் கம்மி. பாட்டிக்கு மூணு பேத்தி. ஒருத்தருக்கும் தெரியாது. மதுரைக்காரிக்குச் சொல்லிக் குடுக்கிறேனேன்னு அவங்களுக்கே சிரிப்பு.

சரி, மடிப்புக்கு வர்றேன். கில்ட்டோட உயிர் இங்கதான்.

முன்பக்கம் ரெண்டு தட்டையான பாகம், ஒண்ணு மேல ஒண்ணு வரும். அதுக்கு ஏப்ரன்னு பேரு. மேல வர்றது வலது பக்கமா முடியும், அந்த ஓரத்துல இழைகளைப் பிரிச்சு விட்டிருப்பாங்க. பின்பக்கம் முழுக்கக் கொசுவம். டார்டன்ல ஒரு முழு டிசைன் திரும்ப வர்ற நீளத்துக்கு செட்னு பேரு. எங்க துணியில 7 இன்ச். ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழு செட்டை உள்ள முழுங்கிட்டு, கிட்டத்தட்ட முக்கால் இன்ச்சை மட்டும் வெளிய காட்டும். அடுத்த மடிப்பு டிசைன்ல அதுக்கு அடுத்த முக்கால் இன்ச்சைக் காட்டும். இப்படியே அடுக்கிக்கிட்டுப் போனா, பின்னாடி இருந்து பார்க்கிறவங்களுக்கு மடிப்பே இல்லாத, ஒரே சீரான கட்டம் போட்ட துணி மாதிரி தெரியும். அவர் நடந்தா மட்டும் கொசுவம் விரிஞ்சு, உள்ள ஒளிஞ்சிருந்த கலர் எட்டிப் பார்க்கும். ராணுவத்துல வேற முறை உண்டு. ஒவ்வொரு மடிப்புலயும் ஒரே கோடு வர்ற மாதிரி வைப்பாங்க, வரிசையா நிக்கிறப்ப அது மிடுக்கா இருக்கும். கல்யாணத்துக்கு அது வேண்டாம்னு நானும் பாட்டியும் முடிவு பண்ணோம். தம்பிகிட்ட கேக்கல.

இப்ப கணக்கு. தம்பிக்கு இடுப்பு 34, சீட் 40. தோராயமா பாதி முன்பக்கம், பாதி பின்பக்கம். அப்படின்னா கொசுவப் பகுதி சீட்ல 20 இன்ச், மேல இடுப்புல 17 இன்ச். 25 மடிப்பு. சீட்ல ஒரு மடிப்பு 0.8 இன்ச் தெரியும், இடுப்புக்குப் போறப்ப 0.68. வித்தியாசம் சுமார் எட்டுல ஒரு பங்கு இன்ச், அதாவது 3 மில்லிமீட்டர். ஒரு ஆணோட உடம்பு வடிவம் மொத்தமும் அந்த 3 மில்லிமீட்டர்ல இருக்கு. கோட்லயும் பேன்ட்லயும் வடிவத்தைக் கத்தரியால கொண்டு வர்றோம். இங்க கத்தரி கிடையாது. 25 மடிப்பும் ஒவ்வொண்ணா, சீட்ல இருந்து இடுப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குறுகிக்கிட்டே போகணும். ஒவ்வொரு மடிப்புலயும் பதினாறுல ஒரு பங்கு இன்ச் தப்பினாக்கூட, 25-ஆல பெருக்கிப் பாருங்க, ஒண்ணரை இன்ச் போயிடும். அந்தக் கில்ட் ஒண்ணு மூடாது, இல்ல நிக்காது.

அதனாலதான் கையால தைக்கிறது. மெஷின் பாதம் கட்டத்தை ஒரு நூல் நகர்த்திடும், கண்ணுக்குத் தெரிஞ்சிடும். கையால தைக்கிறப்ப ஒவ்வொரு தையலுக்கும் குறுக்குக் கோடு பக்கத்து மடிப்போட கோட்டுல சரியா உக்காருதான்னு பார்க்கலாம். தைக்கிற நீளம் இடுப்புல இருந்து சீட் வரைக்கும்தான். அதுக்கு ஃபெல்னு பேரு. அதுக்குக் கீழ மடிப்பு சுதந்திரமா விழும். எனக்கு முதல் மடிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. பதினஞ்சாவது மடிப்புல இருபது நிமிஷம். பாட்டி பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே, நான் முடிச்ச ஒவ்வொண்ணையும் கட்டைவிரல் நகத்தால கீறிப் பார்ப்பாங்க. ஒண்ணும் சொல்லலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்.

எல்லா மடிப்பும் முடிஞ்சு, அளவு போட்டுப் பார்த்து, தம்பி அதைச் சுத்திக்கிட்டு நின்ன பிறகுதான் கத்தரி வரும். இடுப்புப் பக்கம் உள்மடிப்புகள் ஒண்ணு மேல ஒண்ணா ஏறி, தலையணை கட்டின மாதிரி இருக்கும். அதை உள்ளுக்குள்ள வெட்டி எடுக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி, மிச்ச மடிப்புகள் தொங்காம இருக்க உள்பக்கமா ஒரு வரிசைத் தையல் போட்டுப் பிடிக்கணும். அப்புறம் கேன்வாஸ், லைனிங், இடுப்புப் பட்டி, தோல் வார், பக்கிள். பாட்டி இந்த வெட்டை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடச் சொன்னாங்க. அதுவரைக்கும் எதைத் தைச்சிருந்தாலும் பிரிச்சா திரும்பத் துணியாயிடும். எட்டு கஜமும் எட்டு கஜமாவே இருக்கும். வெட்டின பிறகு பக்கிளை அரை இன்ச், ஒரு இன்ச் நகர்த்தலாம், அவ்வளவுதான்.

கோட்டுக்கு இந்தச் சலுகையெல்லாம் இல்ல.

சாதாரண கோட்டைக் கில்ட்டோட ஏன் போடக் கூடாதுன்னு கேக்கலாம். போட்டுப் பாருங்க, கண்ணாடியே சொல்லிடும். கில்ட் நம்ம பேன்ட் நிக்கிற இடத்துல நிக்காது. தொப்புள் கிட்ட, சில பேருக்கு அதுக்கும் மேலயே நிக்கும். சாதாரண கோட் சீட்டை முழுசா மூடுற நீளம். ரெண்டும் சேர்ந்தா, இத்தனை பாடுபட்டு வச்ச கொசுவம் பாதி மறைஞ்சு, கால் குட்டையா, ஆள் கட்டையாத் தெரிவார். முன்னாடி ஸ்போரன் தொங்கும். கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது, அதனால அந்தத் தோல் பைதான் பாக்கெட். கோட்டோட முன்பாகம் அதையும் மூடிடும். அதனால கில்ட் கோட் குட்டையா இருக்கும், முன்னாடி ரெண்டு ஓரமும் வளைஞ்சு விலகிப் போகும். ராத்திரி விருந்துக்குன்னா பிரின்ஸ் சார்லின்னு ஒரு மாடல் இருக்கு. பகல் கல்யாணத்துக்கு ஆர்கைல் போதும். அது கைமடிப்புல தனியா ஒரு பட்டை வச்ச, எளிமையான கோட்.

ஆல்ட்டர் பண்ற கோட்ல முதல்ல பார்க்க வேண்டியது தோள். தோள் சரியில்லன்னா அந்தக் கோட்டை விட்டுடுங்க, மத்த எதையும் சரி பண்ணலாம், அதைப் பண்றது புதுசா தைக்கிறதை விடக் கஷ்டம். அப்பா தோளும் தம்பி தோளும் அச்சு அசல். ரெண்டாவது, காஜா. துணியில ஒரு தடவை வெட்டின காஜாவை நகர்த்த முடியாது. கில்ட் கோட்டோட மேல் பட்டன் இயல்பான இடுப்புல வரணும். அப்பா கோட்ல ரெண்டு பட்டன். மேல் காஜா சரியான இடத்துல இருந்துச்சு. கீழ் காஜா, நான் வளைச்சு வெட்டப்போற பகுதிக்குள்ள முழுசாப் போயிடும்படி வளைவைப் போட்டேன். பாதி காஜா மிஞ்சி நின்னா அசிங்கமா இருக்கும்.

தம்பிக்கு கில்ட்டைக் கட்டி, ஸ்போரனை மாட்டி, ஷூவும் போடச் சொல்லி, அதுக்கு மேல கோட்டைப் போட்டு சாக்பீஸால குறிச்சேன். பேன்ட்டோட நிக்க வச்சுக் குறிச்சா நிச்சயம் தப்பாப் போகும். நாலரை இன்ச் குறைக்கணும்னு வந்துச்சு.

நாலரை இன்ச். கத்தரியை எடுத்து வச்சுட்டு அப்பாவுக்கு போன் பண்ணேன்.

"அப்பா, குடுத்துட்டீங்க, சரி. ஆனா வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது. நீங்க அப்புறம் போடவே முடியாது."

"நான் அதைப் போட்டு இருபது வருஷம் ஆச்சும்மா. இப்ப ஒரு கைகூட உள்ள போகாது."

"அம்மா என்ன சொல்றாங்க?"

பக்கத்துல இருந்து அம்மா குரல்: "உள்ள பிரிச்சுப் பாத்தியா? அந்த டெய்லர் உள்ள நிறைய விட்டிருப்பாரு, பாரு."

"வெட்டும்மா. பீரோல இருந்தா பூச்சிதான் வெட்டும்"னு சொல்லிட்டு அப்பா கிரிக்கெட் பார்க்கப் போயிட்டார்.

அம்மா சொன்னது சரி. லைனிங்கைப் பிரிச்சதும் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடல. 1989-ல யாரோ ஒரு டெய்லர் போட்ட சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கு. பக்கவாட்டுத் தையல்ல ஒவ்வொரு பக்கமும் ஒண்ணேகால் இன்ச் துணி உள்ள விட்டிருக்கார். கீழ மடிப்புல ரெண்டு இன்ச்சுக்கு மேல. கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை குண்டாவார், பிரிச்சு விட்டுக்கலாம்ங்கிற முன்யோசனை. கடையில ரெடிமேடா வாங்குற கோட்ல இது கிடைக்காது, துணியை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. எனக்கு அந்த ஒண்ணேகால் இன்ச் வேற காரணத்துக்குத் தேவைப்பட்டுச்சு. கில்ட் கொசுவம் இடுப்புக்குக் கீழ பொதபொதன்னு நிக்கும், கோட்டோட கீழ்ப்பாகம் அது மேல விரிஞ்சு உக்காரணும். பக்கவாட்டுத் தையலை இடுப்புக்குக் கீழ மட்டும் பிரிச்சு, அவர் விட்டு வச்ச துணியை வெளிய விட்டேன். பழைய தையல் இருந்த இடத்துல மங்கலா ஒரு கோடு தெரிஞ்சுது. ஈரத்துணி போட்டு, ஆவி பிடிச்சு, நாலஞ்சு தடவை அயர்ன் பண்ணதுல முக்கால்வாசி போயிடுச்சு.

அப்புறம் வெட்டினேன். கீழ் ஓரத்துல மடிப்புக்குன்னு ஒண்ணரை இன்ச் விட்டுட்டு. வளைவுக்கு, முன் ஓரத்துல வெளித்துணியையும் உள்துணியையும் பிரிச்சு, நல்ல பக்கங்களை உள்நோக்கி ஒண்ணோட ஒண்ணு வச்சு, புது வளைவைத் தைச்சேன். மிச்சத்தை ஓரத்துல படிப்படியா மெலிசாக்கி, வளைவுல சின்னச் சின்ன வெட்டுக் குடுத்து, திருப்பி அயர்ன் பண்ணணும். உள்ள இருக்கிற கேன்வாஸையும் அதே அளவுக்குக் குறைக்கணும், இல்லன்னா ஓரம் தடிச்சு நிக்கும். பின்பக்கம் நடுவுல இருந்த கட்டை மூடித் தைச்சிட்டேன். கொசுவம் தள்ளுறப்ப அது வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும்.

பாக்கெட்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத இடம். வெளிய பார்த்தா பாக்கெட் மூடி அப்படியே இருக்கும், ஆனா உள்ள பை ஆறேழு இன்ச் தொங்குது. கோட்டைக் குறைச்சதும் பை கீழ ஓரத்துக்கு வெளிய எட்டிப் பார்க்கும். அதனால பையைப் பிரிச்சு ரெண்டரை இன்ச்சாக் குறைச்சேன். இப்ப அதுல ஒரு பஸ் டிக்கெட் நிக்கும், போன் நிக்காது. தம்பி கேட்டான், "அக்கா, மோதிரத்தை எதுல வைக்கிறது?" ஸ்போரன்ல வைடா, அதுக்குத்தானே அது.

வெட்டி எடுத்த நாலரை இன்ச் பட்டை சுத்தளவு முழுக்க இருந்துச்சு. ஆர்கைல் கைமடிப்புக்குப் பட்டை வேணும்னு சொன்னேன் இல்ல? அந்தத் துண்டுலதான் ரெண்டையும் வெட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல வெயில் படாத மடிப்பு ஓரம் ஒரு நூல் அளவு கறுப்பா இருந்துச்சு, அதை உள்பக்கம் வர்ற மாதிரி வச்சிட்டேன். கீழ் காஜா இருந்த துண்டு மட்டும் எதுக்கும் ஆகல. அதை அம்மா தபால்ல அனுப்பச் சொன்னாங்க, ஏன்னு கேக்கல, அனுப்பிட்டேன்.

பாட்டி கில்ட்டைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்த்தாங்க. கோட்டையும் திருப்பினாங்க. லைனிங்குக்குள்ள கையை விட்டு, சாக்பீஸ் கோட்டைக் காட்டச் சொன்னாங்க. நான் கீழ் ஓரத்தை மூடாம வச்சிருந்தேன், காட்டினேன். "இவர் நல்ல டெய்லர்"னாங்க. என் வேலையைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதுக்கு என்ன அர்த்தம்னு மேலயே சொல்லிட்டேன்.

கட்டிக்கப்போறவங்களுக்கு ரெண்டு விஷயம். உக்கார்றப்ப பின்னாடி ரெண்டு கையாலயும் கொசுவத்தைத் தடவிச் சேர்த்துக்கிட்டு உக்காரணும். பொம்பளைங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்ல, தம்பிக்கு ஒரு சாயங்காலம் முழுக்க நாற்காலில உக்கார வச்சு எந்திரிக்க வச்சேன். அப்புறம் அந்தப் பெரிய ஊக்கு, கில்ட் பின். அதை மேல் ஏப்ரன்ல மட்டும் குத்தணும். ரெண்டு பாகத்தையும் சேர்த்துக் குத்தினா, காலை விரிச்சு ஒரு படி ஏறினதும் துணி கிழியும்.

தைக்க ஆசை இருக்கிறவங்க எடுத்த எடுப்புல டார்டன் வாங்காதீங்க, விலை ஜாஸ்தி. மலிவான கட்டம் போட்ட துணியில நாலு மடிப்பு மட்டும் தைச்சுப் பாருங்க. பார்பரா ட்யூக்ஸ்பரியும் எல்சி ஸ்டூமெயரும் எழுதின 'தி ஆர்ட் ஆஃப் கில்ட்மேக்கிங்' புத்தகத்துல மொத்த வேலையும் படம் போட்டு இருக்கு. பாட்டி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துட்டு, ரெண்டு இடத்துல "நாங்க இப்படிப் பண்ண மாட்டோம்"னு பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. அந்த ரெண்டு இடமும் என்னன்னு வேணுங்கிறவங்க மெயில் போடுங்க, போட்டோ எடுத்து அனுப்பறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.